நகையை அடகு வைக்காதீர்கள்

"வி.ஆர். கேம் செய்யப் படிக்கணும்னா லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் வேணும், ஹெட்செட் வேணும், சென்னையில கோர்ஸ் சேரணும்." சங்கரன்கோவிலில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் இதை வேதவாக்காக நம்பி, நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். யார் கிளப்பிவிட்டார்களோ! கோர்ஸ் விற்பவர்களுக்குத்தான் லாபம்.

மெய்நிகர் உலகைப் போனில் காட்டும் மொபைல் வி.ஆருக்கு ஒரு செல்போனும், இரண்டு லென்ஸ் பொருத்திய அட்டைப்பெட்டியும் போதும். 2014-இல் கூகுள் கார்ட்போர்டு வந்ததே இதற்காகத்தான். கேம் செய்யும் கோடோ, முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டர் இரண்டு மென்பொருளும் இலவசம். இன்னொரு கேம் மென்பொருளான யூனிட்டியும் கற்பவரிடம் காசு கேட்பதில்லை. ஆரம்பப் பாடங்களுக்கு எட்டு ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப்பே தாங்கும்.

பார்க்க வேண்டியது போனைத்தான். அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. தலை திரும்புவதை அளப்பது கைரோஸ்கோப். விலை குறைந்த பல போன்களில் அது கிடையாது. யூடியூபில் 360 டிகிரி வீடியோ ஒன்றைப் போட்டு, திரையைத் தொடாமல் போனை மட்டும் திருப்புங்கள். காட்சியும் கூடவே திரும்பினால் சரி.

இன்னொன்று: இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக, நொடிக்கு 60 முறை போன் படம் வரைய வேண்டும். ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி நொடி. நிழல், பளபளப்பு என்று அள்ளிப் போட்டால் போன் சுடும், படம் திக்கும், ஆடுபவருக்குத் தலை சுற்றும். லட்ச ரூபாய் கம்ப்யூட்டரில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். போனில் ஏற்றினால் சாயம் வெளுத்துவிடும்.

"கார்ட்போர்டு செத்துப்போச்சே?" கூகுள் 2021-இல் விற்பனையைத்தான் நிறுத்தியது. நிரலை 2019-லேயே எல்லோருக்கும் திறந்துவிட்டது. கணக்கில் புலியாக இருக்க வேண்டுமா? பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்தால் தொடங்கலாம். நிரலை ஏஐ எழுதித் தந்துவிடுமாம். தரட்டும், ஆனால் ஆடிப் பார்க்கும்போது அதற்குத் தலை சுற்றாது, உங்களுக்குச் சுற்றும்.

முதல் கேமுக்கு டிராகன் எதற்கு? சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா இருக்கிறதே! கார்ட்போர்டுக்குத் தலை திரும்புவது தெரியும், கால் நடப்பது தெரியாது. அதனால் கோயிலை வலம் வரும் ஆடிச்சுற்று சுற்ற வைக்காதீர்கள், குமட்டும். ஆடுபவரைக் கூட்டத்துக்கு நடுவே நிற்க வையுங்கள். மேளச் சத்தம் வரும் திசையில் திரும்பி, சப்பரத்தின் மேல் இரண்டு நொடி பார்வையை நிறுத்தினால் வெற்றி.

எழுத்தெல்லாம் தமிழில் இருக்கட்டும். யூனிட்டியின் வழக்கமான எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் புரோவில் 'தேர்' என்று அடித்தால் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கும். கோடோ 4-இல் ஒழுங்காக வருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கோடோவில் தொடங்குங்கள் என்பேன்.