முப்பத்தெட்டு எடுத்த ஃபங்க்ஷன்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பொங்கல் லீவுக்கு நெய்வேலி போயிருந்தேன். எதிர் குவார்ட்டர்ஸ் தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வராண்டாவுக்கு வந்துவிட்டான். சென்னையில் இரண்டு வருடமாக ஜாவா எழுதுகிறான். "அண்ணா, நான் தொட்ட ஃபங்க்ஷன் முப்பத்தெட்டு காட்டுது. பதினஞ்சுக்குள்ள கொண்டு வராம மெர்ஜ் பண்ண விடமாட்டேங்கறாங்க."

உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "முப்பத்தெட்டா? அப்ப பாஸ்தானேப்பா?"

முப்பத்தைந்து தாண்டினால் பாஸ் என்று பழகிய வீடு அது. அங்கே உட்கார்ந்து, இந்த மார்க்கில் கூட வாங்கினால்தான் ஆபத்து என்று விளக்குவது எளிதாக இல்லை. இந்த எண்ணைப் பற்றி அம்மாவுக்கு இருந்த குழப்பத்தைவிட, ஐ.டி. கம்பெனிகளுக்குள் உலவும் குழப்பம் பெரிது என்பது பேசப் பேசத்தான் தெரிந்தது.

எண்ணின் பெயர் சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டி. தாமஸ் மெக்கேப் என்ற அமெரிக்கர் 1976 டிசம்பரில் வெளியான ஒரு கட்டுரையில் இதை முன்வைத்தார். ஆர்ச் கேட் வழியாக நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் நுழைந்து உங்கள் வீடு இருக்கும் வட்டத்துக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். சாலை எங்கும் பிரியவில்லை என்றால் வழி ஒன்றுதான், எண் 1. சாலை இரண்டாகப் பிரியும் இடம் ஒவ்வொன்றுக்கும் எண்ணில் ஒன்று கூடும். புரோகிராமில் அந்தப் பிரிவுகள்தான் இஃப், லூப், கேஸ் எல்லாம். ஒரே இஃப்புக்குள் 'இதுவும் அதுவும்' என்று இரண்டு நிபந்தனையைச் சேர்த்து எழுதினால் இதைக் கணக்கிடும் பெரும்பாலான டூல்கள் அதையும் இரண்டு பிரிவாகவே எண்ணும். அவ்வளவுதான் கணக்கு. இதை வைத்துக் கட்டிய நம்பிக்கைகள்தான் அதிகம்.

நம்பிக்கை: பத்தைத் தாண்டினால் அது மோசமான கோட்.

உண்மை: பத்து என்ற எல்லையைச் சொன்னவர் மெக்கேப்தான். ஆனால் அது நியாயமான ஒரு எல்லை, மந்திர எண் அல்ல என்று அதே கட்டுரையில் அவரே எழுதிவைத்தார். விதிவிலக்கும் கொடுத்தார்: ஒன்றையொன்று சாராத கேஸ்கள் நீளமாக வரிசையாக வருமானால் எல்லை மீறலாம். டவுன்ஷிப்பில் வட்ட எண்ணைக் கொடுத்தால் எந்தத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து சப்ளை என்று சொல்லும் ஒரு ஃபங்க்ஷனை எழுதுகிறீர்கள். முப்பது வட்டம் என்றால் முப்பது கேஸ், எண் 31. படிக்க ஒரு நிமிடம் ஆகாது. பழைய ரேஷன் கார்டு அட்டவணை மாதிரி மேலிருந்து கீழே பார்த்துவிட்டுப் போய்விடலாம். ரிப்போர்ட்டில் மட்டும் அது ரத்தச் சிவப்பு.

டூல்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ஜாவாவுக்கான பிஎம்டி பத்தில் மணியடிக்கும். லிசார்ட் பதினைந்து வரை பொறுக்கும். ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் ஈஎஸ்லின்ட்டில் இந்த விதியைப் போட்டால், நாம் மாற்றாதவரை எல்லை இருபது. ஒரே கோட் ஒரு டீமில் ஃபெயில், பக்கத்து டீமில் பாஸ்.

நம்பிக்கை: எண் பதினொன்று என்றால் பதினொரு டெஸ்ட் எழுதினால் எல்லா வழியும் முடிந்தது.

உண்மை: முடியாது. இந்த எண் சொல்வது ஒன்றிலிருந்து ஒன்று பெற முடியாத அடிப்படை வழிகளை. அடுத்தடுத்துப் பத்து இஃப் நின்றால் எண் 11. ஆனால் மொத்த வழிகள் 1024. பத்து முச்சந்தியைக் கடக்கிறவன் ஒவ்வொரு இடத்திலும் இப்படியோ அப்படியோ திரும்பலாம் இல்லையா? பதினொன்று என்பது தொடங்கும் இடம்.

நம்பிக்கை: எண் சமமாக இருந்தால் சிக்கலும் சமம்தான்.

உண்மை: இந்த இடத்தில்தான் தம்பியின் அப்பா பேச்சுக்குள் வந்தார். மாமா மைன்ஸில் கன்வேயர் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். சுரங்கத்தில் ராட்சதச் சக்கர இயந்திரம் வெட்டிப்போடும் மண் ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்கு விழுந்து விழுந்து, கடைசியில் அதைக் கொட்டிப் பரப்பும் ஸ்ப்ரெடர் வரைக்கும் போக வேண்டும். முன்னால் இருக்கும் பெல்ட் நின்றால் பின்னால் இருப்பதும் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட் மாறும் இடத்தில் மண் இறங்கும் 'சூட்'டில் மண் குவிந்துவிடும். "ஒரு பெல்ட் ஓடலாமான்னு கேட்டா நாங்க என்ன பாப்போம்? அடுத்த பெல்ட் ஓடுதா, அவசரத்துக்கு நிறுத்தற புல் கார்டை யாராவது இழுத்திருக்காங்களா, பெல்ட் சைடு வாங்குதா, சூட் அடைச்சிருக்கா, மோட்டார் சூடாயிருக்கா. அஞ்சுதான்" என்றார்.

அந்த ஐந்தையும் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ஒவ்வொன்றாகக் கேட்டு, சரியில்லை என்றால் உடனே 'ஓடாதே' என்று திரும்பிவிடுவது. மற்றொன்று, முதல் இஃப்புக்குள் இரண்டாவது, அதற்குள் மூன்றாவது என்று ஐந்தையும் ஒன்றுக்குள் ஒன்று சொருகுவது. மெக்கேப் கணக்கில் இரண்டுக்கும் எண் 6. ஆனால் இரண்டாவதைப் படிக்கிறவன் ஐந்தாவது கேள்விக்கு வரும்போது மேலே உள்ள நான்கையும் தலையில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். கழுத்து வலிக்கும்.

இந்தக் குறைக்காகத்தான் சோனார்சோர்ஸ் நிறுவனம் காக்னிட்டிவ் காம்ப்ளெக்ஸிட்டி என்று வேறொரு அளவைக் கொண்டுவந்தது. அதில் ஆழத்துக்கு அபராதம் உண்டு. வரிசையாக நிற்கும் ஐந்து இஃப்புக்கு 5 மட்டும். ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிய ஐந்துக்கு 1, 2, 3, 4, 5 என்று கூட்டி 15. சோனாரின் வழக்கமான எல்லையும் 15தான். அதைத் தாண்டினால்தான் கத்தும். ஆறாவதாக ஒரு இஃப்பை உள்ளே சொருகிப் பாருங்கள், 21. முப்பது வட்டத்தின் கேஸ் பட்டியலுக்கோ இந்தக் கணக்கில் வெறும் 1. மனிதன் படிக்கும்போது படும் பாட்டுக்கு இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது என்பது என் எண்ணம். முழுசாக வருகிறது என்று சொல்லமாட்டேன். மாறிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்தவனை இரண்டு அளவுமே கண்டுகொள்ளாது.

நம்பிக்கை: ரிப்போர்ட் பச்சையாக இருந்தால் கவலையில்லை.

உண்மை: 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஒரு ஐஓஎஸ் திருத்தத்தை வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் கோடில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை வந்திருந்தது. முதல் வரி இஃப்புக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. அதற்குக் கீழே இருந்த உண்மையான சரிபார்ப்பு ஓடவே இல்லை. எதிரே இருப்பது போலி சர்வரா என்று பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்காமலே கதவு திறந்தது. அந்த ஒரு வரியால் பிரிவு எதுவும் கூடவில்லை, ஆகவே எண்ணும் ஏறவில்லை. அதே நேரம், எட்டவே முடியாத வரிகளைக் காட்டும் எச்சரிக்கை கம்பைலரிலேயே இருந்தது. அதைப் போட்டிருந்தால் மாட்டியிருக்கும். தானியங்கி ஆய்வு என்றால் ஒரே கருவி இல்லை. சுகரைப் பார்க்க வாங்கிய மெஷினில் பி.பி. தெரியாது.

நம்பிக்கை: அப்படியென்றால் சிக்கல் எண் வெறும் அழகு விஷயம்.

உண்மை: அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 2013இல் ஒரு வழக்கு நடந்தது. தொயோட்டா காம்ரி கார் தானாக வேகம் எடுத்து விபத்துக்குள்ளானது என்பது புகார். காரின் மென்பொருளை ஆராய்ந்த மைக்கேல் பார் என்ற நிபுணர் கூண்டில் ஏறிச் சொன்னதில் இந்த எண்ணும் இருந்தது: ஐம்பதைத் தாண்டிய ஃபங்க்ஷன்கள் 67, த்ராட்டிலின் கோணத்தைக் கணக்கிடும் ஃபங்க்ஷனோ நூறையும் தாண்டியது. ஐம்பதுக்கு மேல் போனால் டெஸ்ட் செய்ய முடியாது, நூறுக்கு மேல் பராமரிக்கவே முடியாது என்பது அவருடைய வாதம். ஜூரி தொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் நானும் ஒரு கட்டுக்கதையைப் பரப்பியவன் ஆவேன். அதற்கு முன் 2011இல் வெளியான நாசாவின் ஆய்வு, எலக்ட்ரானிக்ஸ்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. பார் அடுக்கிய குறைகளில் சிக்கல் எண் ஒன்று. அதுவே விபத்தை உண்டாக்கியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரு ஃபங்க்ஷனை இவ்வளவு வளரவிட்டால், தப்பு எங்கே என்று தேடுகிறவனுக்கும், தப்பே இல்லை என்று காட்ட நினைக்கிறவனுக்கும் சேர்த்தே கதவு அடைபடுகிறது.

நம்பிக்கை: வெட்டித் துண்டு போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: தம்பி அதைத்தான் செய்துவைத்திருந்தான். முப்பத்தெட்டை நாலாக அறுத்து பகுதி1, பகுதி2, பகுதி3, பகுதி4 என்று பெயர் வைத்து, நாலுக்கும் ஒன்பது மாறிகளைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தான். ரிப்போர்ட் பச்சை. அவனைக் குறை சொல்லி என்ன? நானே ஒரு காலத்தில், வேலை பார்த்த இடத்தில், ரிலீஸுக்கு முந்தின ராத்திரி இதே அறுவைச் சிகிச்சையைச் செய்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து வந்த பக்கைத் தேட ஏழு ஃபைலைத் திறக்க வேண்டியிருந்தது. வெட்டிய துண்டுக்கு 'தள்ளுபடிக் கணக்கு', 'வரிக் கணக்கு' என்று உண்மையான ஒரு பெயர் வைக்க முடிந்தால் அந்த வெட்டு சரி. பகுதி3 என்ற பெயர்தான் வருகிறது என்றால் நீங்கள் அரைத்திருக்கிறீர்கள், பிரிக்கவில்லை.

நம்பிக்கை: இதெல்லாம் இப்போது வந்த மோகம்.

உண்மை: மெக்கேப்பின் அந்த 1976 கட்டுரையிலேயே, ஃபோர்ட்ரான் புரோகிராம்களைப் படித்து எண்ணைக் கணக்கிடும் ஃப்ளோ என்ற டூல் வருகிறது. பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கு லின்ட் என்ற பிழை தேடும் டூலை எழுதியதும் அந்தப் பத்தாண்டில்தான். 2000 பிறக்கும் முன், யாரோ எப்போதோ எழுதிய புரோகிராம்களில் இரண்டு இலக்க வருடத்தைத் தேடிப் பிடித்து மாற்றும் வேலைக்கு டிசிஎஸ் கருவிகள் செய்து, ஆலை முறையில் நடத்தியது.

நம்பிக்கை: எல்லாச் சிவப்பையும் அழிக்க வேண்டும்.

உண்மை: இதற்கும் மாமாதான் வழி சொன்னார், அவருக்குத் தெரியாமலே. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. அதை ராப்பகலாகப் பம்ப் செய்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலே எழும்பிவிடும். ஆகவே நீர்மட்டத்தை அளந்துகொண்டே இருப்பார்கள். "லெவல் ஏறினா ரீடிங் எடுத்தவனை யாரும் திட்டமாட்டாங்க. எந்தப் பம்ப் நின்னுச்சுன்னு பாப்பாங்க. நேத்து எவ்வளவு, இன்னிக்கு எவ்வளவுங்கறதுதான் பேச்சு" என்றார்.

கோடிலும் அதேதான். ஆடம் டார்ன்ஹில் என்ற ஸ்வீடன்காரர் 2015இல் எழுதிய புத்தகத்தில் ஒரு எளிய யோசனை சொன்னார்: சிக்கலை மட்டும் பார்க்காதே, அந்த ஃபைலை எத்தனை தடவை மாற்றியிருக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் வை. இரண்டும் உயர்ந்திருக்கும் இடம்தான் எரியும் இடம். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் அந்தக் கணக்கு ஏற்கெனவே கிடக்கிறது; தனியாக டூல் வாங்கவேண்டியதில்லை.

காபி ஆறுவதற்குள் தம்பி அந்தக் கணக்கை எடுக்கும் கமாண்டை ஓட்டிவிட்டான். முப்பத்தெட்டு எடுத்த ஃபங்க்ஷன் இருந்த ஃபைலைக் கடைசியாகத் தொட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இவன் இப்போது போட்டது ஒரு லாக் வரி. அதைச் சேர்க்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டான். இன்னொரு ஃபங்க்ஷன், எண் 14, ரிப்போர்ட்டில் மஞ்சள்கூட இல்லை. போன ஒரு வருடத்தில் அந்த ஃபைலில் மட்டும் அறுபத்தொரு கமிட், பதினோரு பேர் கைவைத்திருந்தார்கள்.

"இதுல போன மாசம் ரெண்டு பக் வந்துச்சு அண்ணா" என்றான், கொஞ்சம் மெதுவாக.

பகுதி1 முதல் பகுதி4 வரை அழித்துப் பழையபடி ஆக்கினான். முப்பத்தெட்டுக்கு ஏன் விலக்கு வேண்டும் என்று இரண்டு வரி எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பினான். மேனேஜர் ஒப்புக்கொள்வாரா என்பது பொங்கல் முடிந்து தெரியும். பதினாலைத் திறந்தபோது மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதுல ஸ்டாப் எங்கடா இருக்கு?"