கட்டிக்குள் மயிரும் பல்லும் வந்தது எப்படி?

ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து எடுத்த கட்டிக்குள் மயிரும் பல்லும் இருந்தனவாம் என்று கேள்விப்பட்டதும், "செய்வினைதான்" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். அவள் மணமாகாதவள் என்றால், அழிந்த கர்ப்பம் என்றும் கதை கட்டுவார்கள். இரண்டும் பொய். இந்தப் பேச்சுக்குப் பயந்து நோவை மறைப்பதுதான் ஆபத்து.

இதன் பெயர் டேர்மொயிட் கட்டி. கருப்பையின் இரு பக்கமும் உள்ள சூலகங்களில் தோன்றுவது. அரிய நோயல்ல, சூலகக் கட்டிகளில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை இவ்வகையே.

பெண்குழந்தை தன் முட்டைகளைச் சூலகத்தில் கொண்டே பிறக்கிறது. தோல், மயிர், பல், எலும்பு ஆகிய எதையும் உண்டாக்கும் ஆற்றல் முட்டைக்குள் அடங்கியிருக்கிறது. சாக்கில் கட்டிவைத்த விதைநெல் ஈரம்பட்டு, வயலைக் காணாமலே முளைவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு முட்டை, ஆணின் விந்து சேராமலே, இருந்த இடத்திலேயே பிரிந்து வளரத் தொடங்குகிறது. அது பிள்ளையாக முடியாது. தோலும் மயிரும் நெய்போன்ற கொழுப்பும் ஒழுங்கின்றி ஒரு பைக்குள் சேர்கின்றன, அவ்வளவுதான். 1975 இல் அமெரிக்காவில் லிண்டர் என்பவரும் உடனாய்வாளர்களும், கட்டியின் நிறமூர்த்தங்களை அதே பெண்ணின் நிறமூர்த்தங்களோடு ஒப்பிட்டு இதைக் காட்டினர். ஆகவே கன்னிப்பெண்ணுக்கும் வரலாம், சிறுமிக்கும் வரலாம். குறிப்பிட்ட ஒரு முட்டை மட்டும் ஏன் இப்படித் தொடங்குகிறது என்பதை மருத்துவம் இன்னும் திட்டமாகக் கூறவில்லை.

வைத்தியர்கள் இதற்கு இட்ட மற்றப் பெயர் டெரட்டோமா. அதன் கிரேக்க வேர்ச்சொல்லுக்குப் பொருள் பூதம்! படித்தவர்களும் ஒருகாலம் மிரண்டுதான் இருக்கிறார்கள்.

கட்டி மெதுவாகவே வளரும். பொதுவாக ஆண்டுக்கு 2 மில்லிமீற்றர் அளவு. பலருக்கு நோவே இராது. கர்ப்பகால ஸ்கானில் தற்செயலாகத் தெரியவரும். புற்றுநோயாக மாறுவது நூற்றில் ஒன்று இரண்டுதான், அதுவும் பெரும்பாலும் மாதவிடாய் நின்றபின்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. கட்டியின் பாரத்தால் சூலகம் முறுகிக்கொள்ளலாம். அப்போது இரத்தம் ஓடாது. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரெனக் கடும் நோவும் சத்தியும் வந்தால், எண்ணெய் பூசி வயிற்றை உருவ வேண்டாம், விடியட்டும் என்று இருக்கவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாமதித்தால் சூலகமே பழுதாகிவிடும்.

சிறிய கட்டியை ஸ்கானில் பார்த்துவருவார்கள். பெரியதைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவார்கள். இளம்பெண்களில் இயன்றவரை சூலகத்தை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் எடுப்பார்கள். ஒரு சூலகமே போனாலும் மற்றது நலமாயிருந்தால் பிள்ளை பெறலாம். பெண்பார்க்க வருவோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஏறத்தாழப் பத்துப்பேரில் ஒருவருக்கு இரு சூலகங்களிலும் கட்டி இருக்கும். எனவே ஸ்கான் அறிக்கையையும் கிளினிக் அட்டையையும் அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். இடம் மாறிப் போனாலும், பழைய அளவைப் பார்த்துத்தான் கட்டி வளர்ந்ததா என்று புதிய வைத்தியர் சொல்ல முடியும்.