மோட்டார் வண்டியும் மசகெண்ணெயும்

மாட்டுவண்டியின் அச்சுக்கு மையிடாது நெடுவழி செல்லத் துணிவார் நம் நாட்டில் இலர். ஆயினும், மோட்டார் வண்டியை நாள்தோறும் ஓட்டுவோருள் அதன் எஞ்சினிலுள்ள மசகெண்ணெயின் அளவைத் தாமே பார்த்தறியாதார் பலர். அவ்வெண்ணெயின் தொழில் யாது, அதனைப் பேணுமாறு எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

எண்ணெய் இரும்பை வழுவழுப்பாக்குகின்றது என்றமட்டில் நாம் அமைந்துவிடுகின்றோம். உண்மை அதனினும் வியப்புடையது. பீச்சம் டவர் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர், 1883-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஆய்வில், எண்ணெயிற் தோய்ந்து சுழலும் அச்சின்மேல் அமர்ந்த தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். எண்ணெய் அதன்வழி மேலேறி வழிந்தது. தக்கையிட்டு அடைத்தார்; தக்கையும் வெளித்தள்ளப்பட்டது! சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னுடன் குறுகிய இடுக்கினுள் இழுத்துச் செல்ல, ஆங்கு எழும் அழுத்தமே பாரத்தைத் தாங்குகின்றது. இதன் கணிதத்தை மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் விளக்கினார். எஞ்சினின் கிராங்க் தண்டும் இத்தகைய மெல்லிய படலத்தின்மீதே மிதந்து சுழல்கின்றது. படலம் அற்றுப்போயின், உலோகம் உலோகத்தோடு உரசிச் சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். அன்றியும், வெப்பத்தை அகற்றுதலும், கரியைக் கழுவுதலும், துருவைத் தடுத்தலும் இவ்வெண்ணெயின் தொழில்களே.

இனி, அளவு பார்க்கும் முறை. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எண்ணெய் கீழிறங்குமாறு 5 முதல் 10 நிமிடம் பொறுக்க. அளவுகோலை உருவித் துடைத்து, முற்றச் செருகி, மீண்டும் எடுத்து நோக்குக. இரு குறிகளுக்கும் இடையே எண்ணெய் நிற்றல் வேண்டும். வண்டியின் கையேடு வேறு முறை கூறின் அதனையே கொள்க. எண்ணெய் கறுத்திருத்தல் ஒன்றே குற்றமன்று. பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்ததென அறிந்து, வண்டியை ஓட்டாது பழுதுபார்ப்போரை அழைக்க.

குறையின், கையேட்டிற் குறித்த வகை எண்ணெயையே சிறிது சிறிதாக ஊற்றி, இடையிடையே அளந்து பார்க்க. மிகுதியும் தீதே. கிராங்க் தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கும். நுரை பாரத்தைத் தாங்காது.

கையேடு விதித்த தூரமோ காலமோ கடந்ததும், எண்ணெயை முழுதும் மாற்றுக. எஞ்சின் இளஞ்சூடாயிருக்கையில் அடிமரையைக் கழற்றி வடித்தால் அழுக்கும் உடன் வெளியேறும். ஜாக்கியொன்றையே நம்பி வண்டியின்கீழ்ப் புகுதல் உயிருக்குக் கேடு. வடிகட்டியையும் புதுப்பித்து, அடிமரையை மீளப் பூட்டிப் புத்தெண்ணெய் ஊற்றி, எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, கசிவு உண்டோவென நோக்கி, மறுபடியும் அளக்க.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டற்க. அது நச்சுடையது, அயலார் கிணற்று நீரையும் கெடுக்கும். கலத்தில் மூடி வைத்து, பழைய எண்ணெயைப் பெற்றுச் சுத்திகரிக்க உரிமம் பெற்றோரிடம் சேர்ப்பித்தலே முறை.

விளக்கேந்திய கன்னியர் பதின்மருள் ஐவர், மணவாளன் வரும் வேளையில் எண்ணெய் வாங்கச் சென்ற உவமையை நாமனைவரும் அறிவோம். வண்டியிலும் ஒரு விளக்குண்டு. எண்ணெயின் அழுத்தம் குன்றிய பின்னரே அது சிவந்து எரியும். எரியக் கண்டதும் எஞ்சினை நிறுத்துதல் கடன். எரியுமுன்னரே அளந்து பார்த்தல் அறிவு.