பேக்லோஃபென் பம்ப்: ஒரு தடவை செலவா, மாசச் செலவா?

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். உங்களுக்குச் சென்னையில வேலை, சம்பளம் 35,000 ரூபாய். குடும்பம் பழவேற்காடு ஏரிக்குள்ள இருக்கிற பசியாவரத்துல. பெருமூளை வாதம் உள்ள மகளுக்கு மாத்திரையில கை, கால் இறுக்கம் குறையல. டாக்டர் பம்ப் வைக்கலாம்னு சொல்றார்.

வயிற்றுத் தோலுக்கு அடியில் வைக்கும் இந்தக் கருவி, மெல்லிய குழாய் வழியா தண்டுவட நீருக்குள்ளயே மருந்தைக் கொடுக்கும். இறுக்கம் குறையும், ஆனா நோய் குணமாகாது.

எல்லாரும் ஆபரேஷன் செலவை மட்டும்தான் கேட்கிறோம். உண்மையில 3 செலவு இருக்கு.

1. தொடக்கம்: முதுகில் ஊசி வழியா சோதனை டோஸ். பலன் தெரிஞ்சாதான் பம்ப், ஆபரேஷன்.

2. ரீஃபில்: டோஸைப் பொறுத்து 1 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. தள்ளிப்போடவே கூடாது. மருந்து திடீர்னு நின்னா கடும் காய்ச்சல், இறுக்கம், உயிருக்கே ஆபத்து. புயல் நாள்ல ஏரியைத் தாண்ட முடியலன்னா? முன்கூட்டியே வந்து சென்னையில தங்கவும் பணம் ஒதுக்குங்க.

3. மாற்று பம்ப்: பேட்டரி சுமார் 5–7 வருஷம்தான். அதுக்கு 6 லட்சம்னு வச்சா, 72 மாதத்துக்கு மாசம் 8,333 ரூபாய். சம்பளத்துல கிட்டத்தட்ட கால் பங்கு!

இந்தச் சம்பளத்துக்கு வரியே வராது. அதனால 80டிடி கழிவு உதவாது. மத்திய அரசின் நிரமயா காப்பீடு வருஷம் 1 லட்சம் வரை தரும், உள்வரம்புகளோட. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ்ல பம்ப், ரீஃபில் ரெண்டும் வருமான்னு ஹெச்.ஆர். கிட்ட எழுத்துல கேளுங்க.

ரீஃபில் செலவைத் தாங்க முடியாதுன்னு தெரிஞ்சா, ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. போடாக்ஸ் ஊசி, பிசியோதெரபி மாதிரி வேற வழியைப் பேசலாம். பம்ப் வச்ச பிறகு பாதியில நிறுத்துறதுதான் பெரிய ஆபத்து.