இயந்திரத்துக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கலாமா?

தோட்டத்தையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறிய எமது குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கொழும்பு அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள். கணக்குப் பதிகிறார்கள்; கடிதம் எழுதுகிறார்கள்; வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் பதில் சொல்கிறார்கள். இந்த வேலைகளுக்குள்ளேதான் செயற்கை நுண்ணறிவு முகவர் என்ற புதிய உதவியாள் நுழைந்து வருகிறது. அது என்ன, எங்கே பிழைவிடும், அதனிடம் வேலையைக் கொடுப்பவர் எதைக் கைவிடக்கூடாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முகவர் என்றால் என்ன?

2022 நவம்பரில் வெளிவந்த சற்ஜிபிடி, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியது. அதன்படி நடப்பதா இல்லையா என்பதை மனிதரே தீர்மானித்தார். முகவர் இதற்கு ஒரு படி அப்பால் செல்கிறது. "இம்மாதப் பற்றுச்சீட்டுகளைப் பதிந்து, பணம் தராதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பு" என்று சொன்னால் போதும். மின்னஞ்சலைத் திறக்கும், தொகையை வாசிக்கும், கணக்கில் பதியும், வந்த விளைவைப் பார்த்து அடுத்து என்ன செய்வதென்று தானே முடிவெடுக்கும்.

இது எமக்குத் தெரியாத ஏற்பாடு அல்ல. ஊரிலுள்ள காணியைப் பார்க்க உறவினருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. குத்தகைக்குக் கொடுக்க மட்டும் அதிகாரமா, விற்கவும் அதிகாரமா என்று அதில் தெளிவாக எழுதுவோம். அவர் பிழை செய்தால் அவரைக் கேட்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். இயந்திரத்தை அப்படி நிறுத்த முடியாது. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

எங்கே பிழைவிடுகிறது?

ஒரு படியை 100க்கு 95 தரம் சரியாகச் செய்யும் முகவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்லதுதான். ஆனால் 20 படிகள் உள்ள வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பிழையின்றிச் செய்வது 100க்கு ஏறத்தாழ 36 தரம் மட்டுமே. இறைக்கும்போது தலைவாய்க்காலில் ஒரு சிறு உடைப்பு இருந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாது. இடையிடையே ஒருவர் வாய்க்காலைப் பார்க்கவேண்டியது இதற்காகத்தான்.

2025 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ரெப்லிட் என்ற நிறுவனத்தின் முகவரிடம், எதையும் மாற்றவேண்டாம் என்று திட்டமாகச் சொல்லப்பட்டிருந்தது. அது பாவனையிலிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது; பின்னர் பார்த்தால் மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் வருத்தம் தெரிவித்தார். சொல்லால் தடுப்பது போதாது, அழிக்கும் அதிகாரத்தையே கொடுக்காதிருக்க வேண்டும் என்பதே இதில் நாம் கற்கவேண்டியது.

எம்மைப் பொறுத்தவரை இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருவருடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். நிரந்தர முகவரி ஊரில். தற்காலிக முகவரி கொழும்பில். கிராம உத்தியோகத்தர் ஆளை விசாரித்து இருவரும் ஒருவரே என்று உறுதிப்படுத்துவார். எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் இயந்திரமோ அவரை இரண்டு பேராக எண்ணிவிடலாம்.

யார் பொறுப்பு?

எயர் கனடா விமான நிறுவனத்தின் பதில் சொல்லும் இயந்திரம், மரணச் சடங்குக்குப் பயணம் செய்த ஒருவருக்குக் கட்டணக் கழிவு பற்றிப் பிழையான தகவல் கொடுத்தது. அந்த இயந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற விதமாக நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பு மன்று 2024 பெப்ரவரியில் அதை நிராகரித்து, ஏறத்தாழ 812 கனேடிய டொலர் கொடுக்குமாறு பணித்தது. இயந்திரத்தை வைத்தவரே அதன் சொல்லுக்கும் பொறுப்பு.

இலங்கையில் 2023இல் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியபோது 22 குறிகாட்டிகளின்படி குடும்பங்களுக்குப் புள்ளி கணிக்கப்பட்டது. அது முகவர் அல்ல. வெறும் புள்ளிக் கணக்குத்தான். ஆயினும் இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்ய நேர்ந்தது. மனிதரிடம் முறையிட ஒரு வழி இருந்தபடியால்தான் அவர்கள் மறுபடியும் கேட்க முடிந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், ஒருவரைப் பாரதூரமாகப் பாதிக்கும் தீர்மானம் தானியங்கு முறையால் மட்டும் எடுக்கப்பட்டால் மீளாய்வு கோரும் உரிமை எழுதப்பட்டுள்ளது. அச்சட்டம் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருகிறது. எனினும் இந்த உரிமையை இப்போதே அறிந்து வைத்திருப்பது நல்லது.

வேலை போய்விடுமா?

சில வேலைகள் குறையும். அதை மறைப்பதில் பயனில்லை. சுவீடனின் கிளார்னா நிறுவனம், தனது இயந்திர உதவியாள் 700 ஊழியர்களின் வேலையைச் செய்வதாக 2024இல் அறிவித்தது. 2025இல் அதே நிறுவனம் வாடிக்கையாளருடன் பேச மனிதரை மீண்டும் சேர்க்கத் தொடங்கியது. ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேண்டியது இது: முகவரை இயக்கப் பழகுங்கள், ஆனால் கணக்கியலையும் சட்டத்தையும் மொழியையும் அடிப்படையிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். வேலை தெரிந்தவரே பிழையைக் காண்பார்.

முகவரிடம் வேலை கொடுக்குமுன்

1. எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று எல்லை வகுக்கப்பட்டுள்ளதா?
2. பணம் அனுப்புதல், அழித்தல், விண்ணப்பத்தை நிராகரித்தல் ஆகியவற்றுக்கு முன் மனிதர் ஒருவர் பார்த்து ஒப்பமிடுகிறாரா?
3. அது செய்த ஒவ்வொரு படியும் பதிவாகிறதா?
4. பிழை நேர்ந்தால் முன்வந்து பதில் சொல்பவர் யார்?

நாலாவது கேள்விக்கு ஓர் ஆளின் பெயர் கிடைக்காவிட்டால், அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

குழுவாகக் கலந்துரையாட

அ. உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் ஒருவர் நாளாந்தம் செய்யும் வேலைகளைப் பட்டியலிடுங்கள். எவற்றை முகவரிடம் விடலாம்? எவற்றை விடக்கூடாது? ஏன்?
ஆ. உங்கள் ஆவணங்களில் பெயரும் முகவரியும் ஒரே விதமாக உள்ளனவா? திருத்தவேண்டியவை எவை?
இ. வங்கியோ அலுவலகமோ "கணினி ஏற்கவில்லை" என்று திருப்பி அனுப்பினால், யாரிடம், எப்படிக் காரணம் கேட்பீர்கள்?