யார் முதலில் அழுத்தியது? வினாவிடைப் போட்டிக்கு ஒரு பொத்தான் பெட்டி

நவராத்திரி காலத்தில் நமது பிள்ளைகளுக்கு நடத்தப்படும் சமய அறிவு வினாவிடைப் போட்டியில் ஆண்டுதோறும் எழும் சச்சரவு ஒன்று உண்டு. "யார் முதலில் கை தூக்கியது?" என்பதே அது. நடுவர் ஒருவர், மேசைகள் நான்கு, பார்த்திருக்கும் பெற்றோரின் கண்களோ நூறு. ஆகவே சென்ற ஆண்டு ஆர்டுயீனோ யுனோ என்னும் சிறு மின்பலகையைக் கொண்டு பொத்தான் பெட்டி ஒன்றைச் செய்து கொண்டுவந்தேன். அந்தப் பெட்டி ஒரு பிள்ளைக்கு அநீதி செய்துவிட்டது. பிழை என்னுடையதே. அது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், பிழையின்றிச் செய்யும் முறையையும் இங்கே தருகிறேன்.

நமது ஹவுன்ஸ்லோப் பிள்ளைகளுக்கு இது புதிய விடயம் அன்று. இங்கிலாந்துப் பாடசாலைகளில் 2014 செப்டெம்பர் முதல் ஐந்து வயதிலிருந்தே நிரல் எழுதக் கற்பிக்கிறார்கள். 2016இல் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு பி.பி.சி. மைக்ரோபிட் என்னும் பலகை இலவசமாக வழங்கப்பட்டது. அதில் ஏ, பி என இரு பொத்தான்கள் பொருத்தியே வருகின்றன; இரண்டு அணிகளுக்கு அதுவே போதும். நான்கு மேசைகளுக்கு யுனோ வசதியானது. ஆர்டுயீனோ 2005இல் இத்தாலியின் இவ்றேயா நகரில் மாணவர்களுக்கென உருவானது. (அப்பெயர் அந்நகரின் மதுச்சாலை ஒன்றின் பெயர். ஆலய இதழில் இதற்குமேல் சொல்வது அழகன்று.)

முதலில் பொத்தான். கடையில் வாங்கும் சிறு அழுத்து பொத்தானுக்கு நான்கு கால்கள் இருந்தாலும் மின்முனைகள் இரண்டே. கால்கள் இரண்டிரண்டாக உள்ளே இணைந்திருக்கும். பிழையான சோடியைப் பிடித்தால், தொடாமலே எப்போதும் அழுத்தியிருப்பதாகக் காட்டும். மூலைக்கு மூலை எதிரெதிரே உள்ள இரு கால்களை எடுத்தால் தவறாது. ஒரு காலைப் பலகையில் ஜி.என்.டி. என எழுதிய துளைக்கும், மற்றதை 2ஆம் இலக்கத் துளைக்கும் கொடுங்கள். ஏனைய மேசைகளுக்கு 3, 4, 5. நடுவரின் பொத்தானுக்கு 6. 0, 1 ஆகிய துளைகளைத் தொட வேண்டாம். பலகை கணினியுடன் பேசுவது அவற்றின் வழியே. 8 முதல் 11 வரை மேசைக்கொரு எல்.ஈ.டி. விளக்கு, ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் தடையி ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். மின்சாரம் யூ.எஸ்.பி. வயரின் 5 வோல்ற் மட்டுமே. சுவர் மின்சாரத்துக்கு இதில் எவ்வித இடமும் இல்லை.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். பொத்தானை அழுத்தாதபோது அந்த வயர் எதனோடும் சேராமல் நிற்கிறது. ஒரு பக்கமும் கட்டாத சீலை காற்றுக்கு ஆடுவது போல, அதுவும் சுற்றியுள்ள மின்னலைகளுக்கு ஆடும். பலகை ஒருகணம் 1 என்றும் மறுகணம் 0 என்றும் வாசிக்கும். அதைக் கட்டி நிறுத்தத்தான் 5 வோல்ற்றுக்கு இழுக்கும் தடையி வேண்டும். யுனோவின் உள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் அளவில் அது இருக்கிறது. நிரலின் தொடக்கத்தில் "இன்புட் புல்அப்" என்று கேட்டால் இணைந்துகொள்ளும். இதன்பின் கணக்குத் தலைகீழாகும்: அழுத்தாவிட்டால் 1, அழுத்தினால் 0. மண்டபத்தில் வயர் பல மீற்றர் நீளுமாயின் உள்ளேயுள்ள தடையி போதாது. துளைக்கும் 5 வோல்ற்றுக்கும் இடையே 1 கிலோ ஓம் தடையி ஒன்றை வெளியே சேர்ப்பது நல்லது.

இப்போது என் பிழை. கேள்விக்கு ஆயத்தம் என்று காட்ட ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு ஒளிர வேண்டும் என ஆசைப்பட்டேன். அதற்கு "டிலே" என்னும் கட்டளையை இட்டேன். அரைச் செக்கன் ஒளிரும், அரைச் செக்கன் அணையும். ஆனால் டிலே நடக்கும்போது பலகை பொத்தான்களைப் பார்ப்பதே இல்லை. கண் விழித்ததும் முதலில் பார்ப்பது 2ஆம் துளையை, அதாவது முதலாம் மேசையை. மூன்றாம் மேசைச் சிறுமி முந்தி அழுத்தினாள். பின்னால் முதலாம் மேசைப் பிள்ளையும் அழுத்தினான். விளக்கு எரிந்தது அவனுக்கு. சிறுமியின் தாயார் கேட்டபோது, "இயந்திரம் பக்கம் சாராது அக்கா" என்று நான் பெருமையாகச் சொன்னேன். இரவு வீட்டில் நிரலைப் பார்த்தபோது எனக்கு வியர்த்தது. மறுவாரம் அந்தப் பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்டேன். "நான் அப்போதே சொன்னேன் தானே அங்கிள்" என்றாள்.

திருத்தம் இதுதான். டிலேயை முற்றாக நீக்கி, "மில்லிஸ்" என்னும் கட்டளையால் நேரத்தைக் கேட்டுக் கேட்டு விளக்கை மாற்ற வேண்டும். பலகை இடைவிடாமல் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அத்துடன், துளைகளை ஒவ்வொன்றாக வாசியாமல் "பின்டி" என்னும் பதிவேட்டை வாசித்தால் நான்கு மேசைகளின் நிலையும் ஒரே கணத்தில் கிடைக்கும். அதில் இரண்டு 0 இருந்தால் இரு விளக்குகளையும் எரித்துக் கேள்வியை மாற்றுங்கள். யாராவது முன்கூட்டியே அழுத்திப் பிடித்திருந்தால் பெட்டி அடுத்த கேள்விக்குத் திறக்கக் கூடாது. நால்வரும் கையை எடுத்த பின்பே நடுவரின் பொத்தான் வேலை செய்ய வேண்டும்.

புள்ளி கூட்டவும் ஒரு பொத்தான் வைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளேயுள்ள உலோகத்தகடு அழுத்தும்போது சில மில்லி செக்கன் துள்ளும். ஒருமுறை அழுத்தினால் மூன்று புள்ளி ஏறுவது அதனாலேயே. நிலை மாறி 20 மில்லி செக்கன் மாறாமல் நின்றால் மட்டும் ஒரு புள்ளி கூட்டும்படி எழுதுங்கள்.

பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுவரும் முன் வீட்டில் சோதியுங்கள். இரு பிள்ளைகளை இருத்தி, பச்சை விளக்கு ஒளிரும்போதும் அணைந்திருக்கும்போதும் மாறிமாறி ஐம்பது தடவை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு இருவரின் இடத்தையும் மாற்றி மீண்டும் ஐம்பது. வெற்றி பிள்ளையோடு போகாமல் கதிரையோடு நின்றுவிட்டால் நிரலை மறுபடி திறக்க வேண்டும்.