நிறத்தை மட்டும் பார்த்து எஞ்சினைப் பிரிக்காதீர்கள்

திருவட்டாறு வழியாகக் குலசேகரத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும் போகிற சாலைகள் மேடும் பள்ளமுமானவை. ரப்பர் தடி ஏற்றிய லாரியும், எம்-சாண்ட் ஏற்றிய டிப்பரும் அந்த ஏற்றங்களில் கியரை இறக்கி முக்கி ஏறும்போது பின்னால் கரும்புகை எழும். 'கறுப்பாத் தள்ளினால்தான் வண்டிக்கு இழுவை இருக்கு' என்பது பலரின் நம்பிக்கை. வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் போச்சு, நீலம் வந்தால் ரிங் போச்சு என்பவை அதோடு சேர்ந்தே சொல்லப்படுகிற தீர்ப்புகள். மூன்றிலும் ஒரு துளி உண்மை உண்டு. அந்தத் துளியை நம்பி ஹெட்டை இறக்குவதிலும் போர் அடிப்பதிலும் ஏகப்பட்ட பணம் வீணாகிறது. சைலன்சர் வழியே எது வெளியேறுகிறது என்பதை மட்டுமே நிறம் சொல்லும். எந்தப் பாகம் பழுது என்று தெரிய, புகை எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

கறுப்பிலிருந்து தொடங்கலாம். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ பதினான்கரை கிலோ காற்று வேண்டும். டீசல் எஞ்சினில் காற்றும் டீசலும் சிலிண்டருக்குள்தான் சந்திக்கின்றன. கலப்பதற்குக் கிடைப்பது கண நேரம். அதனால் கணக்குக்கு மேலேயே காற்று இருந்தாக வேண்டும். அது குறைந்தால் மிஞ்சும் கரிதான் நாம் பார்க்கும் கறுப்பு. 'பம்பில் டீசலைக் கூட்டி வைத்த பிறகு வண்டி நன்றாக இழுத்ததே' என்று ஓட்டுநர் சொன்னால் அது பொய்யல்ல. ஓரளவு வரை டீசல் கூடக் கூட இழுவையும் கூடும். பம்பு செய்தவர்கள் அந்த எல்லையைக் கணக்கிட்டுத்தான் டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவுக்கு சீல் வைக்கிறார்கள். அதைத் தாண்டினால் கிடைக்கும் இழுவை சொற்பம். கூடுவது புகைபோக்கியின் சூடும் டீசல் செலவும்தான். பிஸ்டனும் டர்போவும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் கறுத்து, டர்போ சுழன்றெழுந்ததும் தெளிந்துவிட்டால் பழைய வண்டிகளில் அது பெரிய குறையல்ல. ஏற்றம் முழுக்கக் கறுப்பு நீடிக்கிறது என்றால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். குவாரித் தூசியில் நாளெல்லாம் ஓடுகிற டிப்பருக்கு, கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரும் முன்பே ஃபில்டர் அடைத்துவிடும். அடுத்து டர்போவிலிருந்து காற்று வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு, பிறகு இன்ஜெக்டர். பம்பைத் தொடுவது கடைசி.

வெள்ளைப் புகையில்தான் குழப்பம் அதிகம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் உண்டாகிறது. மழைக்கால விடியலில் குளிர்ந்து கிடக்கும் சைலன்சர் வழியே அது ஆவியாகத் தெரிந்து, எஞ்சின் சூடானதும் மறைந்துவிடும். அதற்கு வைத்தியம் வேண்டாம். கண்ணைக் கரித்து, பச்சை டீசல் வாடையோடு காற்றில் தொங்குகிற வெள்ளை வேறு. அது எரியாத டீசல். டைமிங் தள்ளிப்போனது, கம்ப்ரஷன் குறைந்தது, இன்ஜெக்டர் ஒழுகுவது என்று காரணம் தேட வேண்டும். பழைய பம்பு வண்டியில் ஐட்லிங்கில் ஓடவிட்டு, இன்ஜெக்டர் பைப்பு நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எந்த நட்டைத் தளர்த்தும்போது புகை குறைந்து, எஞ்சின் சத்தம் மட்டும் அதிகம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. காமன் ரெயில் வண்டியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் போகக்கூடியது, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கேஸ்கெட்டைக் குற்றம் சொல்வதற்குத் தனிச் சாட்சிகள் வேண்டும்: எஞ்சின் சூடான பிறகும் நிற்காத, இனிப்பு வாடையடிக்கும் வெள்ளை, காரணமில்லாமல் குறையும் கூலன்ட், ரேடியேட்டரில் குமிழி, மோர் நிறத்தில் ஆயில்.

நீலம் ஆயில் எரிவதைச் சொல்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆயில் உள்ளே போகும் வழி ரிங் மட்டுமல்ல. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலம் வந்தால் வால்வு கைடு என்பது பெட்ரோல் வண்டியின் சூத்திரம். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் மூடும்போது உறிஞ்சல் உண்டாகி ஆயிலை இழுக்கும். த்ராட்டில் இல்லாத டீசல் எஞ்சினில் அந்த உறிஞ்சல் மிகக் குறைவு. ரிங் தேய்ந்திருந்தால் லோடில் நீலம் கூடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று குபுகுபுவென்று தள்ளும். அப்படித் தள்ளாவிட்டால் டிப்ஸ்டிக்கில் அளவுக்கு மேல் ஆயில் நிற்கிறதா, ப்ரீதர் அடைத்திருக்கிறதா, டர்போ சீல் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு போர் அடிப்பதைப் பற்றிப் பேசலாம்.

'பொல்யூஷன் சர்டிபிகேட் கையில் இருக்கிறதே' என்பது அடுத்த வாதம். அந்தச் சோதனை, நிற்கும் வண்டியில் லோடு இல்லாமல் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திச் செய்வது. பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ்) மாசு விதிக்கு முந்தைய வண்டியில் புகை அடர்த்தியின் அளவீடு மீட்டருக்கு 2.45-ஐத் தாண்டக் கூடாது. பிஎஸ்-4 வண்டிக்கு 1.62. லோடோடு ஏறும்போது மட்டும் வாய் திறக்கும் ஹோஸ் வெடிப்பை அது காட்டிக்கொடுக்காமல் போகலாம். டீசல் என்றால் புகை இருக்கத்தான் செய்யும் என்று தள்ளிவிடவும் முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகள் நாள்தோறும் சுவாசிப்பது அதைத்தான். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் சைலன்சர் பாதையிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி ஏற்றத்தில் கறுப்பாகத் தள்ளினால், ஃபில்டர் உடைந்திருக்கிறதா, யாராவது கழற்றியிருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.